தாக்கும் விளம்பரத்தைக் கடைசி வாரத்தில் வெளியிடலாமா?

கேள்வி: மும்முனைப் போட்டியில் நிற்கும் வேட்பாளர் ஒருவருக்குப் பிரசார வேலை பார்க்கிறேன். முன்னிலையில் இருப்பவரைத் தாக்கும் காணொளி விளம்பரம் தயார். கடைசி வாரத்தில் வெளியிட்டால்தான் எடுபடும் என்கிறார்கள் குழுவில். சரியா?

பதில்: தேதியைவிட முதலில் யோசிக்க வேண்டியது நீங்கள் எழுதியிருக்கும் அந்த ‘மும்முனை’யைத்தான். இருவர் மட்டுமே மோதும்போது எதிராளியை விட்டு விலகும் ஓட்டு உங்களிடம் வரலாம், பதிவாகாமலும் போகலாம். மூன்றாமவர் இருந்தால் அவர் பக்கம் சாயவும் வாய்ப்பு அதிகம். 2004இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்வில் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் விளம்பரங்களில் ஒருவரையொருவர் விளாசினார்கள். முடிவில் ஜான் கெர்ரி முதலிடம், ஜான் எட்வர்ட்ஸ் இரண்டாமிடம். சண்டை போட்ட இருவரும் மூன்றாவதும் நான்காவதுமாக வந்தார்கள்.

குழுவினர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2006இல் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் தொலைக்காட்சி விளம்பரங்களை வைத்து நடந்த கள ஆய்வில், ஆதரவு சட்டென்று உயர்ந்து ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய கரைந்துபோனது. அவை தாக்கும் விளம்பரங்கள் அல்ல. ஆனாலும் விளம்பரத்தின் தாக்கம் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்பதை அது காட்டுகிறது. கையில் ஒரு வாரத்துக்கு மட்டுமே பணம் இருந்தால் கடைசி வாரம் சரிதான்.

எதிராளியை வாக்காளர்கள் இன்னும் சரியாக அறியவில்லை என்றால் மட்டும் என் கணக்கு வேறு. அவர் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்வதற்கு முன்பே தொடங்குங்கள், கடைசி வாரத்தில் அதே குற்றச்சாட்டை மறுபடி நினைவூட்டுங்கள். 2012இல் ஒபாமா தரப்பு மிட் ராம்னியின் முதலீட்டு நிறுவனப் பின்னணியைக் கோடைக்காலத்திலேயே கையிலெடுத்தது இப்படித்தான். வெற்றிக்கு அது எவ்வளவு உதவியது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை.

இனி விளம்பரத்தின் உள்ளடக்கம். எதிராளி வகித்த பதவி, போட்ட கையெழுத்து, அளித்த வாக்கு இவற்றைத் தாக்குங்கள். ஆளைத் தாக்காதீர்கள். 1993இல் கனடாவின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி, எதிரணியான லிபரல் கட்சியின் தலைவர் ழான் கிரெத்தியேனின் முகத்தை மிக நெருக்கத்தில் காட்டி, இவரா பிரதமர் என்ற தொனியில் விளம்பரம் செய்தது. சிறுவயதில் வந்த முகவாதத்தால் அவருக்கு வாய் ஒருபக்கம் கோணியிருக்கும். மக்கள் கொதித்தார்கள். விளம்பரம் செய்த கட்சியின் வேட்பாளர்களே எதிர்த்ததால் விளம்பரம் உடனே நிறுத்தப்பட்டது. அப்போது ஆட்சியிலிருந்த அந்தக் கட்சி 2 இடங்களுக்குச் சுருங்கியது. தோல்விக்கு வேறு பல காரணங்களும் உண்டு என்றாலும், உடற்குறையைக் காட்டி ஓட்டுக் கேட்பது எந்தக் கணக்கிலும் தவறு.

அளவுக்கு மீறியும் நம்பாதீர்கள். 2007இல் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ரிச்சர்ட் லாவ் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எதிர்மறை விளம்பரம் நினைவில் நிற்கிறது, ஆனால் ஓட்டைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. தாக்கியவர் மீதும் வெறுப்பு விழுகிறது.

ஆகவே வெளியிடுமுன் ஒவ்வொரு வரிக்கும் ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்குப்பதிவுக்கு முன் பிரசாரத்தை நிறுத்த வேண்டிய ஓய்வுக் காலம் எப்போது தொடங்குகிறது என்பதைத் தேர்தல் விதிகளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எதிராளி திருப்பித் தாக்கினால் அன்றே வெளியிடப் பதிலும் தயாராக இருக்கட்டும்.