பத்துக் கிராம் அறிக்கையை யாரும் விற்க முடியாது

கேள்வி: வாழைச்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி பலநாள் படகில் பங்குக் கூலிக்குத் தொழிலுக்குப் போனவர். ஆழ்கடலில் கடற்படை மறித்தபோது படகில் ஹெரோயினும் ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமைனுமாக நாற்பது கிலோவுக்கு மேல் இருந்ததாம். ஒன்பது மாதமாகக் கொழும்பில் விளக்கமறியல். "பகுப்பாய்வு அறிக்கையைப் பத்துக் கிராமுக்குக் கீழே எடுத்துவிட்டால் மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்திலேயே பிணை எடுக்கலாம், பதினெட்டு இலட்சம் ஆகும்" என்று ஒருவர் வந்திருக்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்து மூன்று இலட்சம் கொடுத்தாயிற்று. மீதியையும் கொடுக்கலாமா, வேறு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் சட்டத்துக்கு வர வேண்டும்.

அந்த ஆள் சொல்வதில் பத்துக் கிராம் என்ற ஒரு சொல் மட்டும் உண்மை. அதை வைத்துத்தான் மற்றப் பொய் எல்லாவற்றையும் விற்கிறார். அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தை 2022இல் 41ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தினார்கள். கடத்தல், இறக்குமதி, வைத்திருத்தல் போன்ற பெரிய குற்றச்சாட்டுகளில் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான காரணம் இருந்தால். ஹெரோயின், கொக்கெய்ன், மோர்பின், ஐஸ் இவற்றில் தூய அளவு பத்துக் கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் அந்த அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கும் இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டும்தான். அது கொழும்பில், புதுக்கடையில் இருக்கிறது.

இந்தத் தூய அளவை விளங்கிக்கொள்ளுங்கள், உங்களை மடக்கியது அதுதான். பொலிஸ் சொல்லும் நிறை பொதியோடு வரும் மொத்த நிறை. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையில் அதற்குக் கீழே இன்னோர் எண் வரும்; கலப்படத்தைக் கழித்துவிட்டு உள்ளே இருக்கும் உண்மையான போதைப்பொருள் எவ்வளவு என்று. பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிற மாதிரித்தான். ஒருவரிடம் அறுபது கிராம் தூள் பிடிபட்டு, அறிக்கையில் தூய ஹெரோயின் எட்டுக் கிராம் என்று வந்தால், அவர் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் சின்னப் பொதியோடு பிடிபடுகிற பையன்களுக்கு இந்த எண் உண்மையிலேயே வாழ்வா சாவா என்கிற எண். அறிக்கை வரும் முன்பே அவசரப்பட்டு மனுப் போட்டுக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பியின் வழக்கு நாற்பது கிலோ. நூற்றில் ஒரு பங்குதான் தூயது என்று வைத்தாலும் நானூறு கிராம் வருகிறது. பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் யாரை எவ்வளவு தெரிந்தாலும் நானூறைப் பத்தாக்க முடியாது. முடியும் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களிடம் இலஞ்சத்துக்குக் காசு கேட்கிறார். கொடுத்தால் நீங்களும் குற்றவாளிதான்.

அதோடு, கொழும்பில் நடக்கும் வழக்கை மட்டக்களப்பில் பிணைக்கு எடுக்க எந்த வழியும் இல்லை. தரகர் இதை அறியாதவர் அல்ல. மட்டக்களப்பு என்று சொன்னால் நீங்கள் கொழும்புக்குப் போய் விசாரிக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். அடுத்து "மரண தண்டனை வழக்கு, நேரம் போகிறது" என்று பயமுறுத்துவார். குற்றச்சாட்டின் தண்டனை அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. அந்தப் பயத்தில் காசை அள்ளிக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் வழி. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் போட வேண்டும். மனுதாரராக நீங்களோ அம்மாவோ வரலாம். விதிவிலக்கான காரணம் என்னவென்று சட்டம் சொல்லவில்லை, ஒவ்வொரு வழக்காகத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் வயதான தாய், உழைக்க வேறு ஆள் இல்லை என்பதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. மறியலில் இருக்கிற எல்லோருக்கும் தாய் இருக்கிறாள் என்பதே பதில். குற்றப்பத்திரிகை வராமல் வருடக்கணக்கில் இழுபடுவதைச் சில நேரம் ஏற்கிறார்கள், இவ்வளவு பெரிய அளவில் அது கஷ்டம். ஒரு வருடம் முடிந்தால் தானாக விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உங்கள் தம்பியின் வழக்கில் அது நடக்காது.

நம்பிக்கைக்கு இடமிருப்பது அவர் படகில் என்னவாக இருந்தார் என்பதில்தான். அவர் படகோட்டியா, வலை இழுக்கப் போனவரா? யார் கூப்பிட்டார்? கரை விடும்போது கொடுத்த ஆட்பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? கூப்பிட்ட தொலைபேசி இலக்கம், முந்தைய பயணங்களில் வந்த பங்குக் காசு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். அதைச் சட்டத்தரணியிடம் மட்டும் கதையுங்கள், துறைமுகத்தில் கதைக்காதீர்கள். நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கைகளின், அதாவது வழக்கைப் பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுத்த அறிக்கைகளின், உறுதிப்படுத்திய பிரதிகளை எடுக்கச் சொல்லுங்கள். அவை சிங்களத்தில்தான் இருக்கும். சொந்தத் தம்பியின் மேல் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை வாசிக்க இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டிய நாடு இது. சரி, கொடுத்தே ஆக வேண்டும். சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு நேரே போங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். இடையில் ஆள் வேண்டாம். வசதி இல்லையென்றால் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தில் முதலில் கேளுங்கள்.

அறிக்கை கையில் வராமல் மனுப் போடவும் வேண்டாம். ஒருமுறை தள்ளுபடியானால் அடுத்த முறை புதிதாக என்ன என்று கேட்பார்கள். அந்த அறிக்கைக்கு மாதக்கணக்கில் காக்க வைப்பது யாருடைய குற்றம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கோப்பு பத்தரமுல்லையில் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இருக்கும்போது பையன் மறியலில் இருப்பான். அடுத்த தவணையில் உங்கள் சட்டத்தரணி அதை நீதவானிடம் எழுந்து கேட்க வேண்டும், ஒவ்வொரு தவணையும் கேட்க வேண்டும்.

கொடுத்த மூன்று இலட்சத்தைப் பற்றி: ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். அழைப்பு விபரம், குரல் பதிவு, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மோசடி என்று பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். அதிகாரிக்குக் கொடுக்க என்று வாங்கியிருந்தால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் அழைக்கும் முன் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிடுங்கள். எதற்கென்று தெரிந்தே கொடுத்திருந்தால் உங்களையும் கேள்வி கேட்பார்கள்.