வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே?

கேள்வி: ஃபிரிட்ஜ் 30,000 ரூபாய். கிரெடிட் கார்டில் மாதம் 5,000 வீதம் ஆறு மாதம், ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்கிறார் கடைக்காரர். கையில் பணமும் இருக்கிறது. எது லாபம்?
– வாசகி, சயான் கோலிவாடா, மும்பை

பதில்: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் கழித்துவிடுகிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால் உங்கள் 30,000இல் பொருளுக்குப் போவது சுமார் 28,730, வட்டி 1,270. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 229 ரூபாய் உங்கள் தலையில் விழும். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக, 464 ரூபாய் கூடுதல்.

பணத்தை வங்கியிலேயே விட்டு மாதாமாதம் கட்டலாமே? இருப்பு மாதம் 5,000 குறைந்துகொண்டே போவதால் 3 சதவீதச் சேமிப்புக் கணக்கில் ஆறு மாதத்துக்கு 262 ரூபாய்தான் தேறும். அப்போதும் 200 ரூபாய் நஷ்டம்.

அதனால் இஎம்ஐ பேச்சை எடுக்கும் முன்பே, “மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேளுங்கள். 1,270 வரை குறைக்க இடம் உண்டு. பில் வேண்டாமென்றால் இன்னும் குறைப்பேன் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், வாரண்டி கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும். இஎம்ஐ எடுத்தால் மட்டும் 1,500 தள்ளுபடி என்றால் கணக்கு மாறும், தாராளமாக எடுங்கள். தவணைத் தேதி மட்டும் தவறக்கூடாது.

கேள்வி: 18,000 கொடுத்து வாங்கிய கிரைண்டரில் இரண்டு வருஷத்தில் மூன்றாவது முறை மோட்டார் எரிந்துவிட்டது. போட்ட காசு வீணாகுமே என்று ரிப்பேர் செய்கிறேன். சரியா?
– மாவுக் கடைக்காரர், தாராவி

பதில்: அந்த 18,000 போனது போனதுதான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இனி ஆகும் செலவை மட்டும் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு ரிப்பேர், தலா 2,500 என்று வைத்துக்கொள்வோம். கடை நிற்கும் நாள் எட்டு. தினம் 30 கிலோ, கிலோவுக்குக் கையில் நிற்பது 15 ரூபாய் என்றால் (விற்பனை விலையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்) அதில் இழப்பு 3,600. மொத்தம் 8,600. புதியது 24,000, பழையது 4,000க்குப் போகும் என்றால் 20,000 முடக்கம். ஐந்து வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 4,000. மாற்றிவிடலாம்.

ஆனால் மோட்டார் ஏன் எரிகிறது என்று முதலில் பாருங்கள். அளவுக்கு மீறி அரிசி போடுவது, சரியாக ஊறாதது, மெல்லிய ஒயரில் நீளமான எக்ஸ்டென்ஷன் இழுத்து வோல்டேஜ் குறைவது – இவற்றில் ஒன்று இருந்தால் புது மெஷினும் அதே கதிதான். ஒயரை மாற்ற மெஷின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.