பெரிய ஆங்கிலச் சொற்களைப் போட்டால் கட்டுரைக்குப் புள்ளி கூடுமா?

ரியூசனில் தந்த கடினமான ஆங்கிலச் சொற்பட்டியலை மகள் பாடமாக்கி எழுதுகிறா, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சிக் கட்டுரைக்குப் புள்ளி ஏன் ஏறவில்லை என்று யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அருஞ்சொல்லுக்கும் மொழித்திறனுக்கும் தொடர்பு உண்டுதான். 1995இல் லோஃபர், நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள், கட்டுரையிலுள்ள சொற்களில் எத்தனை வீதம் மிகப் பொதுவான முதல் ஆயிரத்துக்குள், இரண்டாம் ஆயிரத்துக்குள், கல்விசார் பட்டியலுக்குள், இவற்றுக்கு வெளியே வருகின்றன என்று அளக்கும் முறையைத் தந்தார்கள். திறன் கூடியவர்கள் முதல் ஆயிரத்தைக் குறைவாகவே நம்பியிருந்தார்கள்.

ஆனால் அருஞ்சொல் வருவது திறனின் விளைவு. ரியூசன்காரர் பலர் அதையே காரணமாக்கி விற்கிறார்கள்! நிறைய வாசித்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் தாமாக வந்து விழும். பட்டியலில் பிடித்த பிள்ளைக்கு, 'பல' என்பதற்கு 'மெனி' போதுமான இடத்திலும் 'பிளெத்தோரா' என்ற பெரிய சொல் வந்து நிற்கும், கலியாணச் சேலையோடு மீன் சந்தைக்குப் போனமாதிரி.

இன்னொன்று, சொற்சேர்க்கை, அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. பெருமழைக்கு ஆங்கிலத்தில் 'ஹெவி ரெயின்' என்பார்கள், இரண்டும் சாதாரணச் சொற்கள். இருந்தும் எங்கட பிள்ளையள் 'பிக் ரெயின்' என்று எழுதிவிடுவார்கள். தனிச்சொல்லை எண்ணும் கணக்கில் இந்தப் பிழை தெரியாது, திருத்துபவரின் கண்ணில் உடனே குத்தும்.

ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்குதான். அதிலும் பொருத்தம், எழுத்துக்கூட்டல் எல்லாம் பார்ப்பார்கள். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வாசிக்கும்போது பிடித்த சொல்லை அதன் முழு வசனத்தோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.