காய்ச்சினா போதுமா?

கேள்வி: என் பொண்ணு அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல டோலிடோங்கற ஊர்ல இருக்கா. ஆகஸ்ட்ல பேரனைப் பாக்கப் போறேன், அவனுக்கு மூணு வயசு. அங்க ஈரி ஏரி தண்ணிதான் குழாய்ல வருது, வெயில் காலத்துல ஏரி பூரா பச்சையா பாசி கட்டிடும்னு சொல்றா. நான் எப்பவும் தண்ணிய கொதிக்க வச்சுதான் குடிப்பேன். அது போதும்தானே?
- வாசகி, திருச்சி

பதில்: பாசி விஷயத்துல மட்டும் உங்க பாத்திரத்த அடுப்புல இருந்து இறக்கிடுங்கம்மா. அந்தப் பாசில மைக்ரோசிஸ்டின்னு ஒரு நச்சு வரலாம், அது கல்லீரலத் தாக்கும், கொதிக்க வச்சாலும் அழியாது. இன்னும் சொல்லப்போனா பாசியோட செல் உடைஞ்சு உள்ள இருந்த நச்சும் வெளிய வந்துடும், தண்ணி ஆவியாக ஆவியாக மிச்சத்துல அளவு ஏறிடும். 2014 ஆகஸ்ட் 2ம் தேதி விடியறதுக்குள்ள இதே டோலிடோலதான் "குழாய்த் தண்ணிய குடிக்காதீங்க, காய்ச்சவும் காய்ச்சாதீங்க"ன்னு அறிவிச்சாங்க, நாலு லட்சம் பேருக்கு மேல பாட்டில் தண்ணிக்கு அலைஞ்சாங்க, 4ம் தேதிதான் தடைய எடுத்தாங்க. வயல்ல போட்ட உரத்துல இருக்கற பாஸ்பரஸ் மௌமி ஆறு வழியா ஏரிக்குள்ள வருது, ஏரியோட மேற்குப் பகுதி ஆழம் கம்மி, சீக்கிரம் சூடாயிடும், பாசிக்கு வேற என்ன வேணும்?

பயந்து டிக்கெட்ட கேன்சல் பண்ணிடாதீங்க, இப்ப அங்க டெஸ்ட் ஒழுங்கா நடக்குது. அமெரிக்க அரசு 2015ல சொன்ன அளவு, ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு ஒரு லிட்டர்ல 0.3 மைக்ரோகிராம், பெரியவங்களுக்கு 1.6. அதனால அறிவிப்பு ஏதாவது வந்தா பேரனுக்கு என்ன சொல்றாங்கன்னு தனியா பாருங்க.

கேள்வி: மைக்ராஸ்கோப்ல பாசிய பாத்தாலே விஷம் இருக்கான்னு தெரியாதா? எதுக்கு தனி டெஸ்ட்?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: தெரியாதுங்க. மைக்ரோசிஸ்டின் நச்ச உண்டாக்கற பாசி ஒண்ணுக்குப் பேரு மைக்ரோசிஸ்டிஸ், அந்த ஒரே பேர்ல இருக்கறதுலயே சிலது நச்சு பண்ணும், சிலது பண்ணாது, பாக்க ரெண்டும் ஒண்ணுதான். அதனால நச்சையேதான் அளக்கணும், வழக்கமா எலைசா டெஸ்ட், கலர் எவ்வளவு ஏறுதுன்னு பாத்து நச்ச அளக்கறது. இதுல ஒரு வேடிக்கை, கலர் நல்லா ஏறினா நச்சு கம்மின்னு அர்த்தம், கலர் வெளுத்தா நச்சு ஜாஸ்தி, புதுசா வர்றவங்க தலைகீழா புரிஞ்சுக்குவாங்க. மைக்ரோசிஸ்டின்ல இருநூறுக்கும் மேல வகை இருக்கு, எலைசா மொத்தமா ஒரு நம்பர் குடுக்கும், எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கணும்னா மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ங்கற மெஷின் வேணும், அது செலவு ஜாஸ்தி.

ஆனா என்னைக் கேட்டா மெஷின விட சாம்பிள்தான் முக்கியம். சில பிளாஸ்டிக்ல நச்சு ஒட்டிக்கும், அதனால கண்ணாடி பாட்டில்தான் நல்லது, வெளிச்சம் படாம ஐஸ்ல வச்சு கொண்டு போகணும். குழாய்த் தண்ணின்னா எடுத்த உடனே சோடியம் தயோசல்பேட் போட்டு குளோரின நிறுத்தணும், இல்லன்னா லேபுக்குப் போறதுக்குள்ள குளோரின் நச்ச தின்னுடும், ரிப்போர்ட் சுத்தம்னு வரும், குடிச்சவன் நிலைமை வேற. அப்பறம் சாம்பிள மூணு தடவை உறைய வச்சு உருக்கணும், அப்பதான் செல்லு உடைஞ்சு உள்ள இருக்கறதும் கணக்குல வரும்.

கேள்வி: வீட்லயே பாக்க வழி இல்லையா?
- வாசகர், மதுரை

பதில்: பாதி வழி இருக்கு. கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு ஏரித் தண்ணிய ஒரு கண்ணாடி ஜாடில முக்கால்வாசி எடுத்து ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல ஆடாம வைங்க, பச்சை மேல மிதந்தா நச்சு பண்ணக்கூடிய நீலப்பச்சைப் பாசியா இருக்க வாய்ப்பு அதிகம், அடியில படிஞ்சா பெரும்பாலும் சாதாரணப் பாசி. நச்சு இருக்கா இல்லையான்னு ஜாடி சொல்லாது. கடையில ஸ்ட்ரிப் கிட் கிடைக்குது, ஏரில இறங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண அது உதவும், குடிக்கற தண்ணிக்கு லேப் ரிப்போர்ட்தான். நாய் வச்சிருக்கீங்கன்னா கரையில ஒதுங்கின பாசிப் பக்கம் விடாதீங்க, ரோமத்துல ஒட்டினத நக்கியே செத்துப் போன நாய்ங்க உண்டு.