ஸ்கூபா குழாய்களின் நீளமும் கேஜ் வைக்கும் இடமும்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்கூபா டைவிங் பழகும் வாசகர்கள் உபகரணங்களைப் பற்றி எழுதியிருந்த கடிதங்களில், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி) குழாய்கள், பிரஷர் கேஜ் (சிலிண்டரில் மிச்சமுள்ள அழுத்தத்தைக் காட்டும் மானி), திசைகாட்டி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு, சொந்தமாக ரெகுலேட்டர் வாங்க இருக்கிறேன். பயிற்சியில் கொடுத்த உபகரணத்தில், தலையை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் மௌத்பீஸ் வாயிலிருந்து இழுபட்டது. வாயில் வைக்கும் ரெகுலேட்டருக்கும், துணைவருக்குக் கொடுக்கும் மாற்று ரெகுலேட்டரான ஆக்டோபஸுக்கும் எத்தனை அங்குலக் குழாய் வாங்க வேண்டும்?

பதில்: கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறோம். வலத் தோளுக்கு மேலாக வந்து வாயை அடையும் முதன்மைக் குழாய் 28 முதல் 30 அங்குலம், அதாவது ஏறக்குறைய 71 முதல் 76 செ.மீ. இருக்கும். மஞ்சள் நிற ஆக்டோபஸ் குழாய் 36 முதல் 40 அங்குலம் வரை இருக்கும். ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு மட்டும் வாங்கிவிடாதீர்கள். சிலிண்டர் வால்வில் பொருத்தப்பட்டு, அழுத்தத்தை முதலில் குறைக்கும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் எந்தத் துளையிலிருந்து குழாய் கிளம்புகிறது, உங்கள் உடலின் மேல் எந்த வழியாகச் செல்கிறது, எங்கே போய் முடிகிறது என்பவைதாம் அதன் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. தோள் அகன்றவருக்கும் ஒல்லியானவருக்கும் அந்த வழி வேறுபடும். ஒரே ஆளுக்கே சிலிண்டரைப் பட்டையில் நான்கு விரற்கடை கீழே இறக்கிக் கட்டினால் முப்பது அங்குலக் குழாயும் குட்டையாகிவிடும்.

தலையை இடப்பக்கம் திருப்பும்போது உங்களுக்கு இழுபட்டதன் காரணமும் இதுதான். குழாய் வலப்பக்கத்திலிருந்து வருவதால், முகம் இடப்பக்கம் திரும்பும்போது அதன் வழி நீள்கிறது. குழாயில் மிச்சம் இல்லாவிட்டால் அந்த இழுப்பு முழுவதையும் பற்களும் தாடையும் தாங்க வேண்டியிருக்கும். டைவ் முடிந்து மேலே வந்தபின் தாடை வலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கடலுக்குச் செல்லும்போது அணியும் உடையையும் பிசிடியையும் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) அணிந்து, சிலிண்டரை வழக்கமான உயரத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். நேராக நின்று அளக்காமல், நீந்தும் நிலையைப் போல இடுப்பை முன்னால் வளைத்து, தலையை நிமிர்த்தி எதிரே பாருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து மௌத்பீஸ் வரை குழாய் செல்ல வேண்டிய வழியில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ள நண்பரிடம் சொல்லுங்கள். தலையை முழுவதுமாக இடப்பக்கமும் மேலும் திருப்பிய நிலையில் கயிறு எவ்வளவு தேவைப்படுகிறதோ, அதற்குச் சற்றே கூடுதலான அளவு உங்களுக்குரியது. நின்றபடி அளந்தால், நீரில் தலை பின்னால் சாயும்போது மாறும் வழி கணக்கில் வராமல் போய்விடும். உலோக முனைகளைச் சேர்த்துத்தான் அளவு சொல்கிறார்களா, வெறும் குழாயின் அளவா என்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடே ஓரிரு அங்குலம் வரும்.

குட்டையாக இருப்பதுபோல மிக நீளமாக இருப்பதும் தொல்லைதான். முகத்தின் வலப்புறம் பெரிய வளையமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை நீரோட்டம் தள்ளும். அந்தத் தள்ளலும் கடைசியில் வாய்க்கே வந்து சேரும். புதிய குழாய்க்குச் செலவிடுவதற்கு முன், ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் உள்ள வேறொரு குறை அழுத்தத் துளைக்கு இப்போதைய குழாயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். துளையின் கோணம் மாறியதாலேயே பலருக்கு இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. 40 அங்குலக் குழாயை வலக் கைக்கு அடியில் விட்டு, வளைந்த சுழல் இணைப்பு ஒன்றின் வழியாக வாய்க்குக் கொண்டுவரும் முறையும் உண்டு. அதில் தலை மிகச் சுதந்திரமாகத் திரும்பும். ஆனால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ள கூடுதல் இணைப்பு ஒன்றையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டியிருக்கும்.

ஆக்டோபஸின் நீளத்தை உங்கள் வசதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது காற்றுத் தீர்ந்துபோன இன்னொருவருக்கானது. அவர் உங்களுக்கு எதிரே இருந்து, இருவரும் ஒருவர் பட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு மேலே வரும்போது, அவர் தலையைத் திருப்ப முடிய வேண்டும். அவர் சற்று விலகினாலும் மௌத்பீஸ் பிடுங்கப்படக் கூடாது. உங்களோடு வழக்கமாக டைவ் செய்பவரை நீச்சல் குளத்தில் எதிரே நிறுத்திப் பார்ப்பதே இதற்குச் சரியான அளவுகோல். பயன்படுத்தாதபோது அது முகவாய்க்கும் கீழ் விலா எலும்புகளுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில், பளிச்செனத் தெரியும்படி, ஒரே இழுப்பில் கழன்று வரும்படி இருக்க வேண்டும். பிசிடி பைக்குள் திணித்து வைக்கப்பட்ட ஆக்டோபஸ் அவசரத்தில் கைக்கு அகப்படாது.

கேள்வி: அனுபவமுள்ள சிலர் 7 அடி நீளக் குழாயைக் கழுத்தைச் சுற்றி அணிகிறார்கள். நானும் அதற்கு மாறலாமா?

பதில்: இந்த முறை நீருக்கடியில் உள்ள குகைகளில் டைவ் செய்பவர்களிடம் உருவானது. அமெரிக்கக் குகை டைவர் வில்லியம் ஹோகார்த் மெயினின் பெயரால் ஹோகார்த்தியன் அமைப்பு என்று இது அழைக்கப்படுகிறது. குறுகலான வழியில் இருவர் பக்கம் பக்கமாக நீந்த முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியேற முடியும். அந்த நிலையிலும் ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சு விடுவதற்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் குழாய் தேவைப்படுகிறது. அது ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து முதுகுப் பக்கமாகக் கீழிறங்கி, வலக் கைக்கு அடியில், இடுப்பில் மாட்டிய விளக்கின் பேட்டரிப் பெட்டிக்குக் கீழாக வந்து, மார்பின் குறுக்கே இடத் தோளுக்கு ஏறி, பிடரியைச் சுற்றி வாயை அடையும். பேட்டரிப் பெட்டி இல்லாதவர்கள் மிச்சக் குழாயை இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்வார்கள். மாற்று ரெகுலேட்டர் 22 முதல் 24 அங்குலக் குழாயில், மெல்லிய ரப்பர் கயிற்றால் முகவாய்க்குக் கீழேயே தொங்கும்.

இந்த அமைப்பில் நீளத்தைவிட, எதைக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். காற்றுத் தேவைப்படுபவருக்கு, உங்கள் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கிறீர்கள். அது வேலை செய்கிறது என்பதில் அந்தக் கணம் சந்தேகமே இல்லை. பதறுகிறவர் எப்படியும் உங்கள் வாயில் இருப்பதைத்தான் பிடுங்க வருவார். இந்த நன்மையைப் பெற 7 அடி தேவையில்லை. திறந்த கடலில் மட்டும் டைவ் செய்பவருக்கு 5 அடிக் குழாய், இடுப்பில் செருகத் தேவையின்றி, மார்பின் குறுக்கே அழகாகப் படியும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதியவரோடு நீரில் இறங்குகிறீர்கள் என்றால், இறங்கும் முன் உங்கள் அமைப்பை அவருக்கு விளக்கி, ஒரு முறை கொடுத்தும் காட்ட வேண்டும். நீளக் குழாய்க்கு மேலாக விளக்கின் கயிறோ வேறு குழாயோ குறுக்கிட்டால் அது பாதியில் சிக்கிக்கொள்ளும். தகுந்த பயிற்றுநரிடம் பழகாமல் குழாயை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: பிசிடியில் காற்றை நிரப்பவும் வெளியேற்றவும் உதவும் இன்ஃப்ளேட்டருக்குச் செல்லும் குழாய்க்கும் நீளம் பார்க்க வேண்டுமா?

பதில்: ஆம். காற்றை வெளியேற்ற இன்ஃப்ளேட்டரை இடக் கையால் தலைக்கு மேல் உயர்த்துகிறோம். மடிப்புகள் கொண்ட பெரிய குழாய் முழுவதுமாக நீளும் முன் இந்த மெல்லிய குழாய் இழுத்துப் பிடித்தால் அது குட்டை. மேலும், இணைப்பை ஒரு கையாலேயே கழற்றவும் முடிய வேண்டும்.

கேள்வி: சிலிண்டரின் முழு அழுத்தமும் பிரஷர் கேஜ் குழாயில் இருப்பதால், அது வெடித்தால்தான் ஆபத்து அதிகம் என்கிறார்கள். உண்மையா? கேஜை எந்த இடத்தில் வைப்பது நல்லது?

பதில்: அழுத்தம் அதிகம் என்பது உண்மை, நிரம்பிய சிலிண்டரில் அது 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும். மற்றக் குழாய்களிலோ, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார்தான் கூடுதலாக இருக்கும். ஆயினும் காற்று வேகமாகத் தீர்ந்துபோவது குறை அழுத்தக் குழாய் பிளக்கும்போதுதான். கேஜ் குழாய் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பொருந்தும் முனையில் காற்றுப் போகும் துளை ஊசிமுனை அளவே இருக்கும். முள்ளை நகர்த்த அவ்வளவு காற்றே போதும் என்பதாலும், குழாய் வெடித்தால் காற்று மெல்லக் கசிய வேண்டும் என்பதாலும் அப்படிச் செய்கிறார்கள். ரெகுலேட்டருக்குச் செல்லும் குழாயில் அந்தத் தடை இருக்க முடியாது. இருந்தால் மூச்சு விட முடியாது. ஆகவே அது பிளந்தால் சிலிண்டர் சில நிமிடங்களுக்குள் காலியாகிவிடும். எந்தக் குழாய் பிளந்தாலும் செய்ய வேண்டியது, துணைவரின் காற்றுக்கு மாறி, டைவை முடித்துக்கொண்டு மேலே வருவதே.

இடத்தைப் பொறுத்தவரை எங்கள் கருத்து இது: கேஜ் எங்கே இருக்கிறது என்று தேடாமல் கை அதன் மீது போக வேண்டும், விட்டுவிட்டால் அது கீழே தொங்கக் கூடாது. கேஜ், ஆழமானி, திசைகாட்டி ஆகிய மூன்றையும் சேர்த்த கனமான கன்சோல் 36 அங்குலக் குழாயில் தொங்கும்போது, அது டைவருக்கு ஓரடி கீழே பவளப்பாறைகளில் இடித்துக்கொண்டும் மணலைக் கிளறிக்கொண்டும் போகிறது. மேலே நீந்துகிறவருக்கு அது தெரிவதே இல்லை. கன்சோலையே வைத்திருக்க விரும்பினால், இட மார்பில் உள்ள டி-ரிங்கில் (பட்டையில் உள்ள D வடிவ வளையம்) கிளிப்பால் மாட்டிவிடுங்கள். தனிக் கேஜ் மட்டும் இருந்தால், 24 அங்குலக் குழாயில் இட இடுப்பின் டி-ரிங்கில் மாட்டுவது மிகவும் நேர்த்தியானது. குழாய் உடலை ஒட்டியே இறங்கும். உயரமானவர்களுக்கு இன்னும் ஓரிரு அங்குலம் தேவைப்படலாம். மாட்டிய நிலையில் குழாய் விலாவுக்கு வெளியே வில்லாக வளைந்து நின்றால் நீளம் அதிகம். கழற்றி முகத்துக்கு நேரே கொண்டுவரும்போது இழுத்தால் நீளம் போதவில்லை. கிளிப்பை உலோக வளையத்தால் இணைக்காமல் நைலான் கயிற்றால் கட்டுங்கள். எங்காவது சிக்கிக்கொண்டால் கத்தியால் அறுக்க முடிந்தது அதுதான்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், கேஜ் குழாய் பொருந்தும் உயர் அழுத்தத் துளை இடப்பக்கம் கீழ்நோக்கி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மேல்நோக்கிக் கிளம்பி உடனே கீழே வளையும் குழாய், உலோக முனையை ஒட்டிய இடத்தில்தான் முதலில் வெடிப்பு விடும். அந்த இடத்தை மூடியிருக்கும் ரப்பர் உறையை அவ்வப்போது பின்னால் தள்ளிப் பாருங்கள். உறைக்குள் உப்புப் படிந்து உலோகம் அரித்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. கேஜும் குழாயும் சேரும் இடத்தில் சிறு குமிழிகள் வரிசையாக வந்தால், உள்ளே இருக்கும் சுழல் ஊசியின் இரு நுண்ணிய ஓ-ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அடுத்த டைவுக்கு முன் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இடம் எதுவானாலும், நீரில் இறங்கும் முன் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் சட்டென இறங்கி மீண்டும் ஏறினால், சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. முள்ளை வெறுமனே ஒரு முறை பார்த்துவிட்டு இறங்குபவர்களுக்கு இது ஆழத்தில்தான் தெரியவரும்.

கேள்வி: காற்றின் அளவையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை, சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியின்றி அதற்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டருடன் வாங்கிவிட்டேன். இனி கேஜ் வேண்டாமா?

பதில்: பேட்டரி தீர்ந்தாலோ சிக்னல் அறுந்தாலோ உங்கள் காற்றின் அளவு உங்களுக்குத் தெரியாமல் போகும், அப்போது டைவை முடிக்க வேண்டியதுதான். பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் இரண்டு உயர் அழுத்தத் துளைகள் இருப்பதால், ஒன்றில் டிரான்ஸ்மிட்டரையும் மற்றொன்றில் ஒரு சிறிய கேஜையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. கம்ப்யூட்டர் கட்டிய கையின் பக்கமே டிரான்ஸ்மிட்டரும் இருந்தால் சிக்னல் அறுபடுவது குறையும். சிலிண்டரைத் தூக்குபவர்கள் டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்துவிடுவதுண்டு. படகில் உதவுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரையும் திசைகாட்டியையும் ஒரே மணிக்கட்டில் கட்டலாமா?

பதில்: வேண்டாம். அருகிலுள்ள மின்கருவியும் இரும்பும் காந்த ஊசியை விலக்கக்கூடும் என்பதால் இரண்டையும் இரு கைகளில் பிரித்துக் கட்டுங்கள். மேலே வரும்போது இடக் கை இன்ஃப்ளேட்டரை உயர்த்திப் பிடித்திருக்கும். வலக் கையில் கம்ப்யூட்டர் இருந்தால் ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் அது தடையின்றிக் காட்டும். கம்ப்யூட்டர் காட்டுவது அது இருக்கும் இடத்தின் ஆழத்தைத்தான். தலைக்கு மேல் தூக்கிய கையில் உள்ள கம்ப்யூட்டர், மார்பின் ஆழத்தைவிட அரை மீட்டருக்கும் மேல் குறைத்துக் காட்டும். மேலே வரும் வழியில் 5 மீட்டரில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தின்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். திசைகாட்டியைப் பார்க்கும்போது அது கட்டப்படாத கையை முன்னே நீட்டி, திசைகாட்டி உள்ள கையால் அதன் முழங்கையைப் பற்றி, கருவியைச் சமமாக வைத்து, அதன் நடுக்கோடு உடலின் நடுக்கோட்டோடு சேரும்படி நீந்த வேண்டும். கை சற்றே கோணலானாலும் போகும் வழி மாறிவிடும்.

கேள்வி: ரப்பர் குழாயா, நைலான் பின்னல் குழாயா? எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: பின்னல் குழாய் இலேசானது, எளிதில் வளையும், கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டருக்கும் கைக்கு அடியில் வரும் குழாய்க்கும் மிகப் பொருத்தமானது. ரப்பர் குழாய் விறைப்பானது, ஆனால் அதன் மேற்பரப்பில் வெடிப்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும். பின்னலுக்குள் இருக்கும் உட்குழாயின் நிலையை வெளியே இருந்து அப்படிப் பார்க்க முடியாது. சில பின்னல் குழாய்களின் உட்சுவர் காலப்போக்கில் சிதைந்து, காற்றோட்டத்தைத் தடுத்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே அவற்றை வெயிலிலும் வெப்பத்திலும் போட்டு வைக்காதீர்கள். பல தயாரிப்பாளர்கள் 5 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறார்கள். குழாய் வீங்கினாலோ, முனையருகே வெடித்தாலோ, பின்னல் இழை பிரிந்தாலோ, மூச்சிழுப்பது வழக்கத்தைவிடக் கடினமானாலோ அந்தக் கெடுவுக்குக் காத்திருக்காமல் அன்றே மாற்றிவிடுங்கள்.