கேளுங்கள், சொல்கிறோம்: வரைந்த மிருகமும் நடித்த மிருகமும்

‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கதையை டிஸ்னி 1991-இல் கார்ட்டூனாக எடுத்தது. 2017-இல் எம்மா வாட்சன், டான் ஸ்டீவன்ஸ் நடிப்பில் மறுபடி எடுத்தது. கதை தெரியாதவர்களுக்கு: கிழவி வேஷத்தில் வந்த மந்திரக்காரியை விரட்டிய இளவரசன் சாபத்தால் மிருகமாகிறான், வேலைக்காரர்கள் பானையும் கடிகாரமும் மெழுகுவத்தித் தண்டுமாகிறார்கள். மந்திர ரோஜாவின் கடைசி இதழ் விழுவதற்குள் அவன் ஒருத்தியை நேசித்து, அவளும் அவனை நேசித்தால் சாபம் தீரும். மிருகத்திடம் சிறைப்பட்ட அப்பா மோரிஸுக்குப் பதிலாகக் கோட்டையில் தங்குகிறவள் பெல். இரண்டையும் பார்த்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பழைய படம் 84 நிமிடம், புதியது 129. கதை அதேதான், பாட்டும் பெரும்பாலும் அதேதான். மிச்ச முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று?
– வாசகர், திருச்சி

விளக்கம் சொல்வதில் போயிற்று. பழைய படம் வண்ணக் கண்ணாடி ஜன்னல் சித்திரங்களைக் காட்டி, பின்னணிக் குரலிலேயே சாபத்தைச் சொல்லி முடித்துவிடும். இளவரசன் வாயே திறப்பதில்லை. புதியது அந்த இரவு விருந்தையே நடத்திக் காட்டுகிறது: முகத்தில் பூச்சு அப்பிய இளவரசன், சுற்றி ஆடும் பெண்கள், ஒரு பாடகி, நடுவில் மழையில் நனைந்து வந்து நிற்கும் கிழவி.

அடுத்தது பெல்லின் அம்மா. பழைய படத்தில் அம்மா என்ற பேச்சே கிடையாது. புதியதில் ஒரு மந்திரப் புத்தகம் பெல்லையும் மிருகத்தையும் பாரிஸில் அவள் பிறந்த வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறது. அங்கே கிடக்கும் கொள்ளைநோய் வைத்தியரின் அலகு முகமூடியைப் பார்த்ததும் அம்மா எப்படி இறந்தாள் என்பது தெரிகிறது. காட்சி அழகு. ஆனால் அந்தப் புத்தகம் அதன்பிறகு தலைகாட்டுவதே இல்லை! அப்பாவுக்கு ஆபத்து என்று மாயக்கண்ணாடியில் தெரிந்ததும் புத்தகத்தைத் தொட்டால் நொடியில் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாமே? பெல் குதிரை ஏறுகிறாள். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொன்றைப் போட்டுவிட்டார்கள்.

மோரிஸை மரத்தில் கட்டி ஓநாய்களுக்கு விட்டுவிட்டுப் போகிறான், பெல்லை மணக்கத் துடிக்கும் காஸ்டன். ஊரில் பிச்சையெடுக்கும் அகாத் (சாபமிட்ட மந்திரக்காரிதான் இவள்) வந்து அவரைக் காப்பாற்றுகிறாள். இதுவும் புதிதாகச் சேர்த்ததுதான். ஆலன் மென்கன் இசையில், டிம் ரைஸ் வரிகளில் மூன்று புதுப்பாட்டுகள் வேறு. பழைய பாட்டுகளின் வரிகளை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன், முதல் படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 1991 மார்ச்சில் இறந்துவிட்டார்.

அந்தப் புதுப்பாட்டுகளால் லாபமா நஷ்டமா?
– வாசகி, மதுரை

மிருகம் தனியாகப் பாடும் ‘எவர்மோர்’ பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெல்லைப் போகவிட்ட அடுத்த கணத்தில் வருகிறது. பழைய படத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது? ஏன் விட்டாய் என்று கடிகாரம் காக்ஸ்வொர்த் பதறிக் கேட்கிறது. அவளை நேசிப்பதால்தான் என்று ஒரே வரியில் ஒப்புக்கொள்கிறது மிருகம். பிறகு அவள் குதிரையில் மறைவதைப் பார்த்து ஓர் உறுமல். அவ்வளவுதான். அந்த உறுமலில் எல்லாம் இருக்கிறது.

புதியதில் கோபுரப் படிகளில் ஏறி ஏறிப் பாடுகிறது. மெட்டு நன்றாக இருக்கிறது, டான் ஸ்டீவன்ஸும் நன்றாகவே பாடியிருக்கிறார். தனியாகக் கேட்டால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரில் மோரிஸைப் பைத்தியக்கார விடுதிக்குப் பிடித்துக்கொண்டு போகக் காத்திருக்கும் நேரத்தில் படம் நின்றுவிடுகிறது. மேடை நாடகத்தில் இப்படிப் பாடி முடித்ததும் திரை விழும், இடைவேளை. சினிமாவில் அந்த வசதி இல்லை.

இளவரசனுக்கு 21 வயது ஆவதற்குள் சாபம் தீர வேண்டும் என்கிறார்கள். விருந்துப் பாட்டில் பத்து வருஷமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறோம் என்று மெழுகுவத்தித் தண்டு பாடுகிறது. அப்படியானால் சாபம் வாங்கும்போது அவனுக்கு 11 வயதா?
– பிளஸ் டூ மாணவர், ஈரோடு

கணக்கு சரி. 11 வயதுப் பையன் ராத்திரியில் கதவைத் தட்டிய கிழவியை உள்ளே விடவில்லை என்பதற்காகவா இத்தனை தண்டனை! கிழிந்து தொங்கும் ஓவியத்தில் இருப்பவனோ வளர்ந்த வாலிபன். பாட்டு எழுதியவருக்குச் சந்தம் முக்கியம், கணக்கு முக்கியமில்லை.

2017 படத்தின் முன்கதையில் வயதே சொல்லவில்லை, நெருடல் தீர்ந்தது. வேலைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்விக்கும் அதில் பதில் உண்டு: அம்மா இறந்தபின் பையனை அப்பன் கெடுத்தபோது நாங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்கிறாள் மிஸஸ் பாட்ஸ். கோட்டை பக்கத்திலேயே இருந்தும் ஊராருக்கு ஏன் தெரியவில்லை? சாபம் அவர்கள் நினைவையே அழித்துவிட்டது. இந்த அடைப்பு மட்டும் கைமேல் பலன் தருகிறது. ஊரில் யாரோ ஒருவராகத் திரிந்த மனிதர் மிஸஸ் பாட்ஸின் கணவர் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. பழைய படத்தில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

கிராபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகும், கையால் வரைந்த மிருகம்தான் மனதில் நிற்கிறது. சின்ன வயதில் பார்த்த பாசம் என்கிறாள் என் மகள். அதுதானா?
– வாசகி, கோவை

பாசமும் உண்டு. ஆனால் தொழில்நுட்பக் காரணம் வேறு.

மிருகத்தை வரையும் பொறுப்பு கிளென் கீன் என்ற ஓவியரிடம் இருந்தது. சிங்கத்தின் பிடரி, எருமைத் தலை, கொரில்லாவின் புருவமேடு, காட்டுப்பன்றியின் கொம்புப்பல், கரடி உடம்பு, ஓநாயின் காலும் வாலும் என்று கலந்து உருவாக்கினார். அதில் புருவமேடுதான் சூட்சுமம். கோபம் வந்தால் அது இறங்கிக் கண்ணையே மூடிவிடும், வெட்கம் வந்தால் மேலேறி நெற்றி முழுக்கக் காலியாகும். எலும்பு இருக்கிறதே என்று பென்சில் கவலைப்படாது. விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் 12 ஓவியம். ஒவ்வொன்றிலும் முகத்தை வேண்டிய அளவுக்கு இழுக்கலாம், அமுக்கலாம்.

2017-இல் டான் ஸ்டீவன்ஸ் பஞ்சு அடைத்த சாம்பல்நிற உடுப்பில், கட்டைக்கால் மேல் நின்று நடித்தார், நடனமும் ஆடினார். கணினிக்குப் போனது உடம்பின் அசைவு மட்டும். முகத்துக்கு வேறொரு நாளில், முகமெல்லாம் சாயம் பூசி, சுற்றிலும் கேமராக்களை வைத்து அதே வசனத்தை மறுபடி நடிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு இரண்டையும் ஒட்டினார்கள். மனிதக் கன்னத்தின் சின்ன அசைவு ரோமத்துக்கு அடியில் போனதும் அமுங்கிவிடுகிறது. அசைவைக் கூட்டினாலோ நிஜ மிருகம் போலில்லை என்று கண் உறுத்தும். அதனால் நடுவில் நிறுத்துகிறார்கள். தப்பு நடிகர் மேல் இல்லை.

கஞ்சி குடிக்கும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். பழைய படத்தில் கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் மிருகம் தடுமாறுகிறது. பெல் தன் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கிண்ணத்தையே இரு கையால் தூக்குகிறாள். மிருகத்தின் முகத்தில் முதலில் குழப்பம், அப்புறம் நிம்மதி. வசனமே இல்லாமல் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். புதியதிலும் இருவரும் கிண்ணத்தைத் தூக்குகிறார்கள். சிரிப்பு வருகிறது, அந்த இரண்டு படி வருவதில்லை.

தேநீர்ப் பானை மிஸஸ் பாட்ஸ் ஏன் அவ்வளவு உயிரில்லாமல் இருக்கிறாள்?
– வாசகர், திண்டுக்கல்

மூக்கு போய்விட்டது! பழையதில் பானையின் மூக்கே அவளுக்கும் மூக்கு. திரும்பினால் முழுப் பானையும் திரும்பும். புதியதில் பீங்கான் மேல் தீட்டிய சித்திரமாக முகம் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

நூலகக் காட்சியில் எந்தப் படம் மேல்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

இரண்டும் இரண்டு வேறு மிருகங்கள் என்பதால் ஒரே தராசில் வைக்க முடியாது. 1991-இல் அது பரிசு. கண்ணை மூடச்சொல்லி, திரைச்சீலையை விலக்கி, வெளிச்சம் விழுந்ததும் எல்லாம் உனக்குத்தான் என்கிறது. அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசித்துச் செய்த முதல் காரியம். 2017-இல் பெல் ஷேக்ஸ்பியர் வரியொன்றைச் சொல்லத் தொடங்க, மிருகம் முடிக்கிறது. நிறையப் படித்த மிருகம்! ‘ரோமியோ ஜூலியட்’டை மட்டம் தட்டும் அளவுக்குப் படித்தது. நூலகத்தைக் கொடுக்கும்போதும் பெரிய காரியமாகக் காட்டிக்கொள்வதில்லை.

சமமான இருவர் பேசிக்கொள்வது புதியதில் பலம். மாற்றம் கண்ணெதிரே நடப்பது பழையதில் பலம். எங்கள் ஓட்டு பழையதற்கு. முதலிலேயே படித்த மிருகத்துக்கு மாற வேண்டிய தூரம் குறைவு.

மோரிஸ் ரோஜா பறித்ததால் சிறைப்படுவது புதிதாக எழுதியதா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை, அதுதான் மிகப் பழசு. பிரான்ஸில் மதாம் வில்நெவ் 1740-இல் எழுதிய நீண்ட கதையை 1756-இல் மதாம் போமோன் சுருக்கி எழுதினார். உலகம் சுற்றியது அந்தச் சுருக்கம். மகள் கேட்டது ஒரு ரோஜா, அப்பா பறிக்கிறார், வீட்டுக்காரனான மிருகத்துக்குக் கோபம். அந்தக் கதையில் காஸ்டனும் இல்லை, பேசும் பானையும் இல்லை. ஒவ்வொரு இரவும் என்னை மணப்பாயா என்று மிருகம் கேட்கும். 1991 படம் ரோஜாத் திருட்டை விட்டுவிட்டு, அடைக்கலம் தேடி நுழைந்ததற்கே மோரிஸைச் சிறையில் போட்டது. 2017 அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஊருக்கு வில்நெவ் என்று பெயர் வைத்ததும் அந்த முதல் ஆசிரியைக்கான வணக்கம்தான்.

‘சிண்ட்ரெல்லா’ 2015 படத்தில் கண்ணாடிச் செருப்பை உண்மையிலேயே போட்டு நடந்தார்களா?
– வாசகி, சேலம்

இல்லை. ஸ்வரோவ்ஸ்கி செய்துகொடுத்த படிகச் செருப்பு வளையாது, காலில் ஏறாது. லில்லி ஜேம்ஸ் தோல் செருப்பு போட்டு நடந்தார்; கணினியில் மாற்றிவிட்டார்கள். உபரித் தகவல்: 1950 கார்ட்டூனுக்கே ஹெலன் ஸ்டான்லி என்ற நடிகையை நடிக்கவைத்துப் படமெடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள்.

எங்கள் பள்ளித் திரைப்பட மன்றத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பேச வைக்க நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?
– ஆசிரியை, தஞ்சாவூர்

முதலில் கையில் இருப்பது பழைய படத்தின் எந்தப் பிரதி என்று பாருங்கள். 2002-இல் வந்த சிறப்புப் பதிப்பில் ‘ஹியூமன் அகெய்ன்’ என்ற பாட்டைச் சேர்த்தார்கள். அதில் பெல் மிருகத்துக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தருகிறாள். அந்தப் பிரதி என்றால் நூலக ஒப்பீட்டின் விடையே மாறிவிடும். 84 நிமிடப் பிரதிதான் வேண்டும்.

இரண்டையும் முழுதாக அடுத்தடுத்துப் போடாதீர்கள், மூன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். முன்கதை, நடனம், முடிவு என்று மூன்று காட்சி போதும். ஒவ்வொன்றையும் பழையது முதலில், புதியது பிறகு, மூன்றாவது தடவை இரண்டையும் ஒலியை நிறுத்தி. ஒலி போனதும் எந்த முகம் கதை சொல்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். எது பிடித்தது என்று கேட்காதீர்கள். பழைய படம் என்று ஒரு கூட்டமும் எம்மா வாட்சன் என்று ஒரு கூட்டமும் பிரிந்து நிற்கும். இந்த மாற்றத்தால் யாருடைய முடிவு மாறியது என்று கேளுங்கள்.

நடனத்தில் கேமராவைக் கவனிக்கச் சொல்லுங்கள். 1991-இல் மண்டபம் கணினியில் செய்தது, ஆடும் இருவர் கையால் வரைந்தவர்கள். அதனால்தான் தொங்குவிளக்கு உயரத்திலிருந்து கேமரா மிதந்து இறங்க முடிந்தது. 2017-இல் மண்டபம் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் போட்ட நிஜ செட், ஆடுபவரில் ஒருவர் கணினி உருவம். அப்படியே தலைகீழ்.

முடிவுக் காட்சியில் வரிசையைக் குறிக்கச் சொல்லுங்கள். பழையதில் கடைசி இதழ் விழுவதற்குள் பெல் காதலைச் சொல்லிவிடுகிறாள். புதியதில் இதழ் விழுகிறது, பானையும் கடிகாரமும் ஒவ்வொன்றாக வெறும் சாமானாக உறைகின்றன, அப்புறம்தான் சொல்கிறாள். கெடு முடிந்தபின் சொன்னதால் சாபத்தை எடுக்க, அதை இட்ட அகாத்தே நேரில் வர வேண்டியிருக்கிறது. சாபம் தீர்ந்தது காதலாலா, அகாத் மனமிரங்கியதாலா? வகுப்பில் சண்டை நிச்சயம். அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

ஆறு வயதுப் பேத்திக்கு எதைக் காட்டலாம்?
– வாசகர், காரைக்குடி

பழையது. ஓநாய்க் காட்சி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.