22 லட்சத்தை விடுங்கள், அந்த 8 லட்சத்தைப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் கோவையில் முருங்கை, மஞ்சள் சத்து மாத்திரைகள் விற்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார். ஓய்வுப் பணத்தில் 22 லட்சம் போட்டு 8 சதவீதப் பங்கு வாங்கினேன். மொத்தம் 14 பங்குதாரர்கள். நாலு வருடமாக விற்பனை நகரவே இல்லை, டீலர்களிடமிருந்து காலாவதியான சரக்கு திரும்பி வருகிறது. எங்கள் வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் இன்னும் பணம் போட்டு டிவி விளம்பரம் கொடுக்கச் சொல்கிறார்கள், பாதிப் பேர் மூடச் சொல்கிறார்கள். சர்க்கரை நோய் குணமாகும் என்று தைரியமாகப் போட்டால் விற்கும் என்றேன், நண்பர் மகன் பயப்படுகிறார். இடையில் விளம்பரச் செலவுக்கென்று 8 லட்சம் அனுப்பினேன், இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது, அதற்குப் பங்கு தரவில்லை. இப்போது, "நீங்களே டைரக்டராக வந்து மார்க்கெட்டிங்கைப் பாருங்கள், அந்த 8 லட்சத்தையும் பங்காக மாற்றிவிடலாம்" என்கிறார். ஏற்கலாமா, இல்லை நிர்வாகச் சீர்கேடு என்று கேஸ் போடலாமா?

பதில்: சார், ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனைத் தோளில் தூக்கி வளர்த்தது, அவர் போனை எடுக்காதது, குழுவில் உங்களை மரியாதை இல்லாமல் பேசியது எல்லாம் மனதை வலிக்கச் செய்யும்தான், ஆனால் எந்தக் கோர்ட்டும் அதைக் கேட்காது. விற்பனை மந்தம் என்பதும் அப்படித்தான். பங்கு வாங்கியவர் நஷ்டத்துக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டவர். சரக்கு விற்கவில்லை, விளம்பரம் சரியில்லை என்பது தொழில் முடிவு, அதில் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் கை வைக்காது.

நிர்வாகச் சீர்கேடு என்று கம்பெனி சட்டத்தின் 241-வது பிரிவில் மனு போடலாமா என்று கேட்டால், போடலாம். 8 சதவீதம்தான் இருக்கிறது, பத்து சதவீதம் வேண்டுமே என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பங்குதாரர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும், 14 பேரில் உங்களோடு இன்னொருவர் சேர்ந்தாலே சென்னை அமர்வில் மனு எண் வாங்கிவிடும். ஆனால் அப்புறம் என்ன செய்யப் போகிறீர்கள்? இதே பிரிவில் நடந்த டாடா சன்ஸ் - சைரஸ் மிஸ்திரி வழக்கில், 2021 மார்ச்சில், 18 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்த, பணத்துக்கும் வக்கீலுக்கும் குறைவே இல்லாத தரப்புதான் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பணத்தைச் சொந்தக் கணக்குக்குத் திருப்பினார், மனைவி பெயரில் ஒரு ஏஜென்ஸி வைத்து அதற்குப் பில் போட்டார் என்பது மாதிரி ஏதாவது ஆதாரம் இருந்தால் பேச்சு வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

சட்டப்படி கனமான ஒரே விஷயம், நீங்கள் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த 8 லட்சம். அது பங்கு ஆகவில்லை. பங்குக்கென்று வாங்கியிருந்தால், கம்பெனி சட்டத்தின் 42-வது பிரிவின்படி 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டும், அதற்கும் தவறினால் அந்த அறுபதாம் நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி. பங்குக்கென்று வாங்கவில்லை என்று அவர் சொன்னால், அது கடன். எப்படிப் பார்த்தாலும் கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பணம். 22 லட்சத்துக்கு நீங்கள் கூட்டாளி, இந்த 8 லட்சத்துக்கு நீங்கள் கடன் கொடுத்தவர், வாசலில் நின்று கேட்க உரிமை உள்ளவர். ஆனால் கடனுக்குக் காலவரம்பு மூன்று வருடம், உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஐந்து மாதம். கடனாக இருந்தால் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வேறு கணக்கும் சொல்லலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அவர் டைரக்டர் பதவியைக் கொண்டுவந்து நீட்டும் நேரத்தைக் கவனித்தீர்களா? அவர் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவருடைய ஆடிட்டர் கணக்கைச் சுத்தமாக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பலன் ஒன்றுதான். பங்காக மாற்றச் சம்மதக் கடிதம் கொடுத்த அன்றோடு உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி போய்விடும். அதோடு, இதுவரை பணத்தை மட்டும் இழக்கக்கூடிய இடத்தில் இருந்த நீங்கள், கேஸில் பெயர் வரக்கூடிய இடத்துக்கு நகர்ந்துவிடுவீர்கள். இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள், ஏனென்றால் என்னிடம் வந்தவர்கள் விழுந்த குழி இதுதான்.

சத்து மாத்திரை சட்டத்தின் பார்வையில் உணவு, மருந்து அல்ல. 2016-ல் வந்த ஒழுங்குமுறைப்படி அந்த டப்பாவின் மேலேயே இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும். நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் சொல்லக் கூடாது. சொன்னால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-வது பிரிவில் 10 லட்சம் வரை அபராதம், அது விளம்பரத்தை வெளியிட்டவருக்கு மட்டுமல்ல, அதில் பங்கு கொண்டவருக்கும்தான். சர்க்கரை நோய் என்று பெயர் சொல்லிவிட்டால் 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டமும் வந்து நிற்கும், அதன் அட்டவணையில் சர்க்கரை நோய் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் தனியாக 10 லட்சம் வரை போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பதஞ்சலி விளம்பர வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் எவ்வளவு தூரம் போனது, நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையன் பயப்படுகிறார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள், சார். நாலு வருடத்தில் அவர் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். அந்தப் பயம்தான் உங்கள் 22 லட்சத்தில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது நீங்கள் மார்க்கெட்டிங் டைரக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் யோசனைப்படி ஒரு வீடியோ போடுகிறீர்கள், ஒரு டீலர் இன்னும் இரண்டு வரி சேர்த்துப் பரப்புகிறார், யாரோ புகார் கொடுக்கிறார். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 66-வது பிரிவு கேட்பது ஒன்றுதான்: அந்த நேரத்தில் அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் யார்? பங்குதாரருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. மார்க்கெட்டிங் டைரக்டருக்கு வேறு பதிலே கிடையாது. இதோடு, கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாமல் போன ஜிஎஸ்டிக்கு அந்தச் சட்டத்தின் 89-வது பிரிவில் பிரைவேட் கம்பெனி டைரக்டரே தனிப்பட்ட முறையில் பொறுப்பு, பெரிய அலட்சியம் தன்னிடம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக் கணக்கு தாக்கல் ஆகாமல் போனால் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. 2017-ல் இப்படி ஒரே வீச்சில் மூன்று லட்சம் பேருக்கு மேல் தகுதி இழந்தார்கள், அதில் எத்தனையோ பேர் மாமா கேட்டார், நண்பர் கேட்டார் என்று பெயர் கொடுத்தவர்கள்.

என் கட்சிக்காரர் ஒருவர், உங்களைப் போலவே ஓய்வு பெற்றவர். போட்ட பணத்தைக் காப்பாற்றத்தான் டைரக்டர் ஆனார். முதல் மாதமே வங்கியில் கடன் வரம்பைக் கூட்ட வேண்டும், டைரக்டர் எல்லோரும் ஜாமீன் கையெழுத்து போட வேண்டும் என்றார்கள், போட்டார். எட்டு மாதத்தில் சண்டை, ராஜினாமாக் கடிதத்தை எழுதி முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கவில்லை, டைரக்டர் விலகியதை அரசுக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம் தாக்கல் ஆனதா என்று பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, லேபிள் தவறுக்காக வந்த நோட்டீஸ் அவர் பெயருக்கு வந்தது, ஏனென்றால் அரசுப் பதிவில் அவர் இன்னும் டைரக்டர். அதைக்கூட ஒருவிதமாகச் சமாளித்தோம். வங்கி ஜாமீனைச் சமாளிக்க முடியவில்லை. பதவி போனாலும் ஜாமீன் போகாது, ஏற்கெனவே எடுத்த கடனுக்கு அவர் கடன் வாங்கியவர் அளவுக்கே பொறுப்பு. கடைசியில் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மனையை விற்றார். அவர் போட்ட முதலீடு 15 லட்சம், கட்டியது அதைவிட அதிகம்.

அதனால் டைரக்டர் பதவி வேண்டாம். ஆலோசகர், கௌரவ இயக்குநர், உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குப் பொறுப்பாளர் என்று வேறு பெயரில் கேட்டாலும் வேண்டாம். குழுவில் "ஃபிராடு கம்பெனி" என்று எழுதி அதை இரண்டு டீலருக்கும் அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதை இன்றோடு நிறுத்துங்கள். அவதூறு என்று அவர் திரும்பினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதோடு உங்கள் 8 சதவீதத்தின் மதிப்பை நீங்களே கெடுக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது சமாதானம்தான், ஆனால் 8 லட்சத்துக்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வட்டியை விட்டுக்கொடுப்பேன், ஏழு லட்சம் என்றாலும் தலையாட்டுவேன், மூன்று தவணை கேட்டாலும் சரி என்பேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன்: இவ்வளவு பாக்கி என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில், தேதியோடு, கையெழுத்தோடு ஒரு கடிதம் இந்த ஐந்து மாதத்துக்குள் வர வேண்டும். அது வந்தால் அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். வரவில்லை என்றால் நாலாவது மாதம் வழக்கு, அதற்கு மேல் ஒரு நாள் பொறுக்க வேண்டாம். தவணைக்குக் காசோலை கொடுத்தால் தேதியிட்டதாக வாங்குங்கள், திரும்பி வந்தால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும்.

22 லட்சத்தைப் பொறுத்தவரை, பையனோ மற்ற பங்குதாரரோ பாதி விலைக்கு வாங்கத் தயாராக இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்பேன். உங்கள் வயதில் இன்னொரு நாலு வருடக் காத்திருப்பு அந்த மீதிப் பாதிக்குத் தகாது. குறைந்த விலைக்கு விற்கும்போது வருமான வரித் துறை நியாய மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால் கையெழுத்துக்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். யாரும் வாங்க வரவில்லை என்றால் பங்கை அப்படியே வைத்திருங்கள், அதன் மேல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். டிவி விளம்பரத்துக்கு ஆளுக்கு இரண்டு லட்சம் என்று குழுவில் பேச்சு ஓடுகிறதே, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி, கடைசியாகத் தாக்கலான பேலன்ஸ் ஷீட்டை இறக்குங்கள். அந்த 8 லட்சம் பங்கு விண்ணப்பப் பணம் என்று இருக்கிறதா, கடன் என்று இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று பாருங்கள். கடன் என்று கையெழுத்தோடு எழுதியிருந்தால் அதுவே பாக்கியை ஒப்புக்கொண்டதாகலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, பேலன்ஸ் ஷீட்டின் கீழே இருக்கும் குறிப்புகளையும் விடாமல் படியுங்கள். எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், நோட்டீஸின் முதல் வரி அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.